பிள்ளை சொல்லத் தயங்கும் அந்தச் சில மணி நேரம்

இணையத்தில் பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் இரண்டைச் சொல்வார்கள்: ஆபாசப் படங்கள், முகம் தெரியாத ஆசாமிகள். இரண்டும் உண்மைதான். அதற்காகத்தான் ஃபில்டர் போடுகிறோம், நேரக் கட்டுப்பாடு வைக்கிறோம். ஆனால் சின்னச் சிக்கல் பெரிய சேதமாக மாறும் இடம் வேறு. பிள்ளைக்குப் பிரச்சினை தொடங்கிய நேரத்துக்கும், வீட்டில் ஒரு பெரியவருக்கு அது தெரியவரும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில சமயம் அது இரண்டு மணி நேரம், சில சமயம் இரண்டு வருஷம். மிரட்டுகிறவர்களின் பிழைப்பே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

15 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்கு அவன் இன்ஸ்டாகிராமுக்கு ஒரு பெண்ணின் பெயரில் ரிக்வெஸ்ட் வருகிறது. அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் ஏற்கெனவே அந்த அக்கவுன்டில் இருக்கிறார்கள், அதனால் சந்தேகம் வரவில்லை. அரை மணி நேரம் சாதாரணப் பேச்சு. அப்புறம் "இங்க வேணாம், வேற ஆப்புல பேசலாம்" என்று ஒரு மெசேஜ். அங்கே போனதும் அந்தரங்கப் படம் ஒன்று வருகிறது. "நான் அனுப்பிட்டேன்ல, நீ அனுப்ப மாட்டியா?" அவனும் அனுப்புகிறான். அடுத்த நிமிஷம் வருவது ஒரு ஸ்க்ரீன்ஷாட்: ஒரு பக்கம் அவன் படம், மறுபக்கம் அவனைப் பின்தொடர்பவர்களின் பட்டியல். அதில் அக்கா பெயர், சித்தப்பா பெயர், வகுப்பில் பாதிப் பேர். "பத்து நிமிஷத்துல பணம் வரலேன்னா இவங்க எல்லாருக்கும் போகும்."

இந்தப் பையன் கற்பனை, நடைமுறை கற்பனை அல்ல. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப் பற்றி 2022 முதல் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. பணத்துக்காக நடக்கும் இந்த மிரட்டலில் குறிவைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் 14 முதல் 17 வயதுப் பையன்கள். பெண் பிள்ளைகளை மிரட்டிப் படத்துக்கு மேல் படம் கேட்கும் பழைய வகைக் கொடுமையும் ஓயவில்லை, இது அதற்குப் பக்கத்தில் வளர்ந்த தொழில். ஆம், தொழில்தான். 2024 ஜூலையில் மெட்டா நிறுவனம் நைஜீரியாவிலிருந்து இயங்கிய சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் அக்கவுன்டுகளை இந்தக் காரணத்துக்காக நீக்கியது. இப்படி மிரட்டுவது எப்படி என்று பாடம் எடுத்த, பேச வேண்டிய வசனங்களை எழுதி விற்ற ஃபேஸ்புக் பக்கங்களும் குழுக்களும் கூடவே நீக்கப்பட்டன. எதிர்முனையில் இருப்பவர் உங்கள் பிள்ளையை விரும்பித் தேர்ந்தெடுத்த ஒருவர் அல்ல. ஒரே வசனத்தை ஒரே ராத்திரியில் பல பேருக்கு ஒட்டி அனுப்புகிறவர்.

பணம் கொடுத்தால் விடுவார்களா என்றால், மாட்டார்கள். கொடுத்தவன் இன்னும் கொடுப்பான் என்பதுதான் அவர்கள் கணக்கு. படம் எதுவுமே அனுப்பாத பிள்ளையும் இப்போது தப்ப முடிவதில்லை. சாதாரணமாகப் போட்ட ஒரு படத்தை எடுத்து ஏ.ஐ. மூலம் ஆபாசப் படமாக மாற்றி மிரட்டுவது பற்றி 2023 ஜூனிலேயே எஃப்.பி.ஐ. எச்சரித்திருக்கிறது. "என் பிள்ளை அப்படியெல்லாம் செய்யாது" என்பது இனி எந்த வீட்டுக்கும் காவல் இல்லை.

இத்தனைக்கும் நடுவே அந்தப் பையன் ஏன் பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவை எழுப்புவதில்லை? வெட்கம் ஒரு காரணம். நானும்தானே அனுப்பினேன் என்ற குற்ற உணர்வு இன்னொன்று. மூன்றாவது காரணத்தைப் பெரியவர்கள் எளிதில் கவனிப்பதில்லை: சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். பதின்வயதுப் பிள்ளைக்குப் போன் என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. நண்பர்கள் இருக்கும் இடம், வகுப்பின் குரூப், ராத்திரி மனசு சரியில்லை என்றால் பேச ஆள் எல்லாமே அதற்குள். அதைப் பறிப்பது நமக்குப் பாதுகாப்பு நடவடிக்கை, அவனுக்குத் தண்டனை. மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். "உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?" என்று அவன் கேட்பது அதனால்தான். நம் வீட்டுக் கண்டிப்பையே அவன் ஆயுதமாக எடுத்துக்கொள்கிறான்.

பெரிய விஷயத்தைப் பிள்ளைகள் நேராகக் கொண்டுவந்து வைப்பதும் இல்லை. முதலில் சின்ன விஷயத்தை வைத்து ஆழம் பார்ப்பார்கள். விளையாட்டில் தெரியாமல் ஏதோ வாங்கிவிட்டதாகச் சொல்வார்கள், அல்லது யாரோ அனுப்பிய அருவருப்பான வீடியோவைப் பார்த்துவிட்டதாக. "அம்மா, திட்டாம இருந்தா ஒண்ணு சொல்றேன்." அதற்கு நம்மில் பல பேர் சொல்லும் பதில்: "முதல்ல என்ன பண்ணித் தொலைச்சேன்னு சொல்லு." அன்றைக்கு ஆப் நீக்கப்பட்டு, ஒரு வாரம் போன் கிடையாது என்று ஆகிவிட்டால் பிள்ளைக்கு ஒரு கணக்கு புரிந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து நிஜமாகவே மாட்டிக்கொள்ளும்போது அந்தக் கணக்குதான் ஞாபகத்துக்கு வரும். எனக்குக் கேட்டால் வீட்டில் போடக்கூடிய விதிகளிலேயே முக்கியமானது இதுதான்: நீயாக வந்து சொன்ன எதற்கும் போன் பறிக்கப்படாது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். கோபம் வரும்போது கடைப்பிடிப்பது பெரும்பாடு.

மணிக்கணக்கில் முடியும் மிரட்டல் ஒருபுறம் என்றால், மாதக்கணக்கில் மெல்ல நடக்கும் வசப்படுத்தல் மறுபுறம். அதற்கு எதிராக நாம் சொல்லிக்கொடுப்பது ஒரே வரி: தெரியாதவர்களோடு பேசாதே. இந்த வரி வேலை செய்யாததற்குக் காரணம், மூன்று வாரம் தினமும் ஒரே விளையாட்டை ஒன்றாக ஆடியவன் பிள்ளையின் கண்ணில் தெரியாதவன் இல்லை. அவன் டீமில் இருக்கிறவன், தோற்றபோது தேற்றியவன், விளையாட்டில் வரும் பாத்திரத்துக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தவன். சில சமயம் நிஜமாகவே குடும்பத்துக்குத் தெரிந்த ஆளாகவும் இருப்பான். அதனால் ஆளை வைத்து எச்சரிப்பதைவிட நடத்தையை வைத்து எச்சரிப்பது மேல். எல்லாரும் இருக்கும் இடத்திலிருந்து தனியான ஆப்புக்கு அழைப்பது, "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்பது, காரணமில்லாத பரிசு, உன் வீட்டில் யாருக்கும் உன்னைப் புரியவில்லை என்று கோள்மூட்டுவது, எந்த அறையில் இருக்கிறாய், கூட யார் இருக்கிறார்கள் என்ற விசாரிப்பு. பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது புரியும், ரகசியம் காக்கச் சொல்லும் பெரியவர் யாராக இருந்தாலும் அது சரியில்லை என்று சொன்னால் போதும்.

ஆபத்துகளை வகை பிரித்துப் பார்க்க லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் ஆய்வாளர்கள் சோனியா லிவிங்ஸ்டனும் மரியா ஸ்டோய்லோவாவும் 2021இல் நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். பிள்ளை பார்ப்பது ஒன்று, பிள்ளையை யார் தொடர்புகொள்கிறார்கள் என்பது இரண்டு, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நடந்துகொள்வது மூன்று. கேலி, ஒதுக்கிவைத்தல், தோழியின் படத்தைப் பரப்புதல் இந்த மூன்றாவதில் வரும். நம் பிள்ளை பாதிக்கப்படுபவர் என்று மட்டுமே நினைக்கிறோம், பரப்புகிறவராகவும் இருக்கலாம். நான்காவது, பிள்ளைக்கும் நிறுவனத்துக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம்: என்ன தகவலை எடுக்கிறார்கள், எப்படி வாங்க வைக்கிறார்கள், எப்படிப் போனைக் கீழே வைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பது. நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று பிள்ளை ஒரு பட்டனை அழுத்தியிருக்கும். அதைப் படித்தவர் வீட்டில் யாரும் இருக்க வாய்ப்பில்லை.

இந்த நான்காவதில்தான் கடந்த சில வருஷங்களில் நிஜமான மாற்றம் நடந்திருக்கிறது. ஒரு ஆப்பை நிறுவியதும் அது எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில்தான் பெரும்பாலானோர் கடைசிவரை வைத்திருப்பார்கள், செட்டிங்ஸுக்குள் போய் மாற்ற மாட்டார்கள். ஆகவே நிறுவனம் முதலில் எப்படி வைத்துக் கொடுக்கிறது என்பதே பாதி விஷயத்தைத் தீர்மானித்துவிடுகிறது. ஃபோர்ட்நைட் விளையாட்டில் குரல் அரட்டையும் எழுத்து அரட்டையும் தானாகவே திறந்திருந்தன, சிறுவர்கள் முன்பின் அறியாத பெரியவர்களோடு சேர்த்துவிடப்பட்டார்கள் என்பது அமெரிக்க வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் அந்த விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, அதில் 27.5 கோடி சிறுவர்களின் அந்தரங்கம் தொடர்பானது. அதே வருஷம் செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இன்ஸ்டாகிராமுக்கு 40.5 கோடி யூரோ அபராதம் போட்டது. பிசினஸ் அக்கவுன்டாக மாற்றிக்கொண்ட பதின்வயதினரின் போன் நம்பரும் மின்னஞ்சலும் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது அந்த வழக்கின் ஒரு பகுதி. அடுத்த வருஷம் டிக்டாக்குக்கு 34.5 கோடி யூரோ. சிறுவர்களின் பதிவுகள் யாரும் பார்க்கும்படி தொடக்கத்திலேயே திறந்திருந்தன என்பது அங்கே முக்கியப் புகார்.

பிள்ளைகளின் தகவலை இணையச் சேவைகள் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும், 15 அளவுகோல்கள் கொண்ட ஒரு விதித்தொகுப்பைப் பிரிட்டன் 2021 செப்டம்பரில் முழுமையாக அமலுக்குக் கொண்டுவந்தது. சொல்லிவைத்தாற்போல அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே நிறுவனங்களுக்கு ஞானம் பிறந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்களின் புதிய இன்ஸ்டாகிராம் அக்கவுன்டுகள் தனிப்பட்டவையாகத் தொடங்கின, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவது அணைக்கப்பட்டது, 13 முதல் 15 வயதினருக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல் டிக்டாக்கின் நோட்டிஃபிகேஷன் வராமலானது. 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் பதின்வயதினருக்கென்று தனி அக்கவுன்ட் முறையை அறிவித்தது. அதில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இவை எல்லாம் முன்பே செய்திருக்கக்கூடியவைதான். அபராதமும் சட்டமும் வரும்வரை செய்யவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடுகள் அத்தனையும் ஒரே நூலில் தொங்குகின்றன: பிறந்த தேதி. 13 வயது என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று பல பேருக்குத் தெரியாது. 1998இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது, 2000 ஏப்ரலில் அது அமலானது. 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது அது. சம்மதம் வாங்கும் வேலை பெரும் தொல்லை என்பதால், 13க்குக் கீழ் அனுமதியில்லை என்று நிறுவனங்கள் எழுதிவைத்துவிட்டன. அந்த வயதில் பிள்ளைகளுக்குப் பக்குவம் வந்துவிடும் என்று யாரும் ஆராய்ந்து சொன்னதல்ல இது. ஐரோப்பிய ஒன்றியம் 16 என்று வைத்து, 13 வரை குறைத்துக்கொள்ள நாடுகளுக்கு விட்டுவிட்டது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லாருமே குழந்தைதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பத்து வயதில் பிள்ளை ஆப் கேட்கிறது. வயது போதாது என்று ஆப் விடவில்லை என்பதால் வீட்டிலேயே யாரோ 13 என்று காட்டும் பிறந்த வருஷத்தைப் போட்டுக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அது சின்னப் பொய். பிள்ளைக்கு 15 வயதாகும்போது ஆப்பின் கணக்கில் 18. மிரட்டல் கும்பல் அதிகம் தேடும் அதே வயதில், பதின்வயதுப் பாதுகாப்பு அத்தனையும் சத்தமில்லாமல் கழன்றுவிடும். முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்பலாம், விளம்பரங்கள் பெரியவர்களுக்கானவை, அக்கவுன்ட் திறந்தே கிடக்கும். இந்தக் கட்டுரையைப் படித்ததும் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டென்றால், பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வோர் ஆப்பிலும் பிறந்த வருஷம் என்னவாக இருக்கிறது என்று பார்த்துத் திருத்துவதுதான். வயது நிஜமாகவே போதாது என்றால் அக்கவுன்ட் போய்விடும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. கூடவே, பின்தொடர்பவர்களின் பட்டியலை யார் பார்க்கலாம், இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் வசதி திறந்திருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிடலாம். மிரட்டுகிறவனுக்குப் பட்டியல் கிடைக்காவிட்டால் அவன் மிரட்டலில் பாதி காற்று போய்விடும்.

வயதை நிறுவனமே சரிபார்க்கட்டும் என்பது இப்போது உலகம் போகும் திசை. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் பயனரின் வயதை உறுதிசெய்தாக வேண்டும். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் அக்கவுன்ட் வைத்திருக்கவே தடை போட்டது. மீறினால் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. இந்தக் கடைசி அம்சம் சரியானது என்பது என் எண்ணம். ஆனால் வயதைக் காட்ட அடையாள அட்டையைப் படமெடுத்துக் கொடுக்கச் சொன்னால் அது எங்கேயோ சேர்ந்துகொண்டே போகும். அரட்டைத் தளமான டிஸ்கார்டுக்கு வேலை பார்த்த ஒரு வெளி நிறுவனம் ஊடுருவப்பட்டதில் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே சொன்னது. தடையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இருக்கக்கூடாத அக்கவுன்டில் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால், வாயைத் திறக்க அதற்கு இன்னும் ஒரு தயக்கம் கூடிவிடும். சட்டம் தண்டிக்காது என்பது வீட்டுக்குத் தெரியும், பயந்துபோன பிள்ளைக்குத் தெரியுமா?

கண்காணிப்பு ஆப்கள் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த ஆப், எவ்வளவு நேரம் என்று பெரியவர்களே வைப்பதில் தப்பேதும் இல்லை, அந்த வயதில் போன் கூடத்தில் இருந்தால் போதும். 15 வயதில் தெரியாமல் மெசேஜ்களைப் படிக்கும் ஆப்பை நிறுவினால் கதை வேறு. கண்டுபிடிக்கும் நாளில் நண்பனின் பழைய போனில் இரண்டாவது அக்கவுன்ட் முளைக்கும், அது உங்கள் கண்ணுக்கு எட்டாது. கட்டுப்பாடு எதுவானாலும் பிள்ளைக்குத் தெரிந்து இருப்பதும், வயது கூடக்கூடக் குறைந்துகொண்டே வருவதும் நல்லது. எந்தக் கட்டுப்பாட்டையும்விட எனக்குப் பிடித்தது ராத்திரியில் எல்லார் போனும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் இருப்பதுதான். எல்லார் போனும் என்றால் அப்பா போனும் சேர்த்து. முன்பு சொன்ன பையனின் கதை நடந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

ஏ.ஐ. அரட்டை ஆப்களை இந்தப் பட்டியலில் சேர்க்க மறக்கிறோம். எதிரே ஆள் இல்லைதான், ஆனால் எப்போதும் கிடைக்கிற, எதையும் ஆமோதிக்கிற துணை அது. பதின்வயதினர் தொடர்பான வழக்குகளுக்குப் பிறகு கேரக்டர் ஏ.ஐ. 2025 நவம்பரில் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தடையற்ற அரட்டையை நிறுத்தியது. இது இப்போதுதான் தொடங்கியிருக்கும் விஷயம். இதிலும் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணி நேரம் என்பதல்ல, எதையெல்லாம் பிள்ளை மனிதர்களிடம் சொல்லாமல் அதனிடம் சொல்கிறது என்பது.

சரி, ஒருநாள் பிள்ளை வந்து சொல்லிவிட்டது. படம் போயிருக்கிறது, மிரட்டல் வந்துகொண்டிருக்கிறது. முதல் நிமிஷத்தில் "ஏன் அனுப்பின?" என்ற கேள்வியை விழுங்கிவிட வேண்டும், அதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. "சொன்னது நல்லதாப் போச்சு, பாத்துக்கலாம்" என்பதே போதும். பணம் அனுப்பக்கூடாது. பதில் பேசக்கூடாது, கெஞ்சுவதும் திட்டுவதும் இரண்டும் பதில்தான். பதற்றத்தில் முழு அரட்டையையும் அழித்துவிடக்கூடாது. அந்த அக்கவுன்டின் பெயர், மிரட்டல் வரிகள், பணம் கேட்ட எண் அல்லது இணைப்பு இவற்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்து, அதன் பிறகு பிளாக் செய்ய வேண்டும். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் பெரியவர்கள் தங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளவோ யாருக்கும் காட்டவோ கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் பல நாடுகளில் அது குற்றம். காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கு மற்ற ஆதாரங்களே போதும், படத்தை என்ன செய்வது என்று அவர்களே சொல்வார்கள்.

படம் பரவிவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவையில், 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படத்தைத் தேர்ந்தெடுத்தால், அது உங்கள் கருவியிலேயே ஒரு எண் கைரேகையாக மாற்றப்படும். படம் எங்கும் போகாது, அந்தக் கைரேகை மட்டும் போகும். பங்கேற்கும் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் அதே கைரேகை கொண்ட படம் தென்பட்டால் நீக்கும். இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளையே தனியாகச் செய்யலாம். படத்துக்குக் கைரேகை எடுக்கும் இந்த யோசனை புதிதல்ல. 2009இல் மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹனி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ முதலே சிறுவர் துன்புறுத்தல் படங்களை அடையாளம் காண இது பயன்படுகிறது. எல்லையும் உண்டு: சேராத தளங்களிலும், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி என்கிரிப்ட் செய்யப்பட்ட தனி மெசேஜ்களிலும் இது எட்டாது.

மிரட்டல் நின்ற பிறகும் ஒன்றிரண்டு வாரம் பிள்ளையைத் தனியே விடாமல் கவனிக்க வேண்டும். இந்த மிரட்டலில் உயிரை மாய்த்துக்கொண்ட பதின்வயதினர் இருக்கிறார்கள், மிரட்டல் தொடங்கிய சில மணி நேரத்துக்குள்ளேயே அது நடந்ததும் உண்டு. தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" மாதிரியான பேச்சு எது வந்தாலும் அன்றைக்கே மனநல உதவியைத் தேட வேண்டும். படம் யாருக்காவது போயிருந்தால், அவர்களிடம் பிள்ளை பேச வேண்டியதில்லை. "அது மோசடி, திறக்காம அழிச்சிடுங்க" என்று ஒரு வரியைப் பெரியவர் யாராவது அனுப்பினால் போதும். அம்மா அப்பாவிடம் சொல்லவே முடியாத விஷயமும் வரும். அதற்கு அத்தையோ மாமாவோ ஓர் ஆசிரியரோ, யாரிடம் போகலாம் என்று முன்கூட்டியே பிள்ளையைக் கேட்டு, அந்த ஆளிடமும் சொல்லிவைத்துவிடுங்கள். அவர் உங்களிடம் வந்து ஒப்பிக்காமல் இருக்கவும் சம்மதிக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்ற நிலையைத் தவிர.